சான்றிதழ் இல்லாத கைக்கு வேலை கிடைக்குமா?

புதிய தாமான் ஒன்றின் விற்பனை அலுவலகத்திற்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது சுவரை அடைத்து நிற்கும் ஒரு பெரிய படம். அந்தி வெளிச்சத்தில் மின்னும் கண்ணாடி, நீச்சல் குளம், மகளைத் தோளில் தூக்கி நிற்கும் தந்தை. அதைப் பார்த்துத்தான் பலர் முன்பணம் கட்டுகிறார்கள். படத்தின் மூலையில் பொடி எழுத்தில் 'ஓவியரின் கற்பனை' என்று போட்டிருக்கும். அந்த நேரத்தில் உண்மையான இடத்தில் இருப்பது செம்மண் மேடும் தகர வேலியும் மட்டுமே.

அந்த ஓவியர் யார்? அவர் கையில் தூரிகை இல்லை. கட்டடக் கலைஞர் தரும் வரைபடத்தை வைத்து, இன்னும் கட்டாத கட்டடத்தைக் கணினிக்குள் எழுப்பி, அதற்குச் சூரியனை வைத்து, மரம் நட்டு, புகைப்படம் எடுத்தது போல் ஆக்கித் தருபவர் அவர். தொழில் வட்டாரத்தில் '3டி விஷுவலைசர்' என்பார்கள். இந்த வேலையைக் கல்லூரியில் கற்றவர்களும் இருக்கிறார்கள். தானாகவே கற்றுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். இரண்டாமவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

எஸ்பிஎம் முடித்து, பகலில் அச்சகத்திலோ கைத்தொலைபேசிக் கடையிலோ வேலை செய்துகொண்டு, இரவில் இணையப் பாடங்களைப் பார்த்து இரண்டு ஆண்டுகள் உழைத்த ஓர் இளைஞரை நினைத்துப் பாருங்கள். கற்பதற்கான கருவி இன்று எட்டாத தூரத்தில் இல்லை. 'பிளெண்டர்' என்ற மென்பொருள் 2002 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. அதைக் கொண்டு வருமானம் ஈட்டவும் தடையில்லை. அவரும் நன்றாகவே படம் செய்கிறார். ஆனால் இருபது இடங்களுக்கு விண்ணப்பம் போட்டும் ஒரு பதிலும் இல்லை. "படிக்காதவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?" என்று வீட்டில் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானதா?

பாதிதான் நியாயம். நம் நாட்டில் 1967ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர் சட்டப்படி, வாரியத்தில் பதிவு பெற்றவர் மட்டுமே தம்மைக் கட்டடக் கலைஞர் என்று அழைத்துக்கொள்ள முடியும். ஆகவே சுயவிவரத்தில் ஆர்வக்கோளாறால் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்வது சட்டச் சிக்கல். முதலாளி அந்த வரியைப் பார்த்ததுமே விண்ணப்பத்தை மூடிவிடக்கூடும். ஆனால் கட்டடத்தின் படத்தைச் செய்வதற்கு அப்படிப்பட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. இந்தத் துறையில் முதலாளி முதலில் திறப்பது படத் தொகுப்பைத்தான். சான்றிதழ் அதற்குப் பிறகு.

அப்படியானால் பதில் ஏன் வரவில்லை? பெரும்பாலும் அந்தத் தொகுப்பே காரணமாக இருக்கும்.

இணையப் பாடம் பார்த்துக் கற்றவரின் தொகுப்பில், அந்தப் பாடத்தில் வந்த அறையே இருக்கும். வெள்ளைச் சுவர், வெளிர் மரத்தரை, ஜன்னலுக்கு வெளியே ஊசியிலை மரம். அதே பாடத்தைப் பின்பற்றி அதே சோபாவை அதே மூலையில் வைத்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். தேர்வு செய்பவர் அதைப் பலமுறை பார்த்திருப்பார். 'இவருக்குப் பாடத்தைப் பின்பற்றத் தெரியும்' என்பதற்கு மேல் அந்தப் படம் எதையும் சொல்லாது.

அதற்குப் பதிலாகத் தன் வீட்டையே அளக்கலாம். 20க்கு 70 அடி தொடர்வீடு ஒன்றை அளவு நாடாவால் அளந்து, வரைபடம் போட்டு, அதைக் கணினியில் எழுப்பட்டும். முன்னால் கால்வாய், இழுத்துத் திறக்கும் கேட், மின் மீட்டர் பெட்டி, பக்கத்து வீட்டுத் துளசி மாடம் எல்லாம் வரட்டும். இப்படி ஒரு படம் பத்து ஐரோப்பிய வரவேற்பறைகளுக்குச் சமம். அந்த வீட்டை இவருக்கு முன் யாரும் செய்து காட்டியிருக்கமாட்டார்கள் அல்லவா?

வெளிச்சத்தைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். குளிர்நாட்டுப் பாடங்களில் சூரியன் தாழ்வாக வரும். நிழல் நீண்டு கிடக்கும். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 3 பாகை வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு நேர் மேலேயே நிற்கும். நம் கடிகாரக் கணக்கில் அந்த உச்சிவேளையும் பகல் 12 மணிக்கு வருவதில்லை. ஒரு மணியை ஒட்டித்தான் வருகிறது. ஜூன் மாதத்தில் வடக்குச் சுவரில் வெயில் அடிக்கும். டிசம்பரில் தெற்குச் சுவரில். இதை அறியாமல் ஷா ஆலாமில் வரப்போகும் கொண்டோமினியத்துக்கு லண்டன் வெயிலைப் போட்டால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று படும். மழைக்கு முந்திய கனத்த மேகம், ஈரத் தார்ச்சாலை, கெத்தப்பாங் மரம் ஆகியவை நம் வெளிச்சத்தோடு இயல்பாகப் பொருந்துபவை.

அடுத்தது அளவு. 1984ஆம் ஆண்டுச் சீரான கட்டடத் துணைச் சட்டங்களின்படி மாடிப்படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. கால் வைக்கும் அகலம் 255 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. தானே கற்றவரின் படத்தில் மாடிப்படி யானை ஏறும் படியாகவோ எலி ஏறும் படியாகவோ இருந்துவிடுகிறது. கட்டடக் கலைஞரின் கண் நேரே அங்கேதான் போகும். கேமராவைக் கண் மட்டத்தில், அதாவது ஒன்றரை மீட்டர் உயரத்தை ஒட்டி வைப்பதும், சுவர்க் கோடுகள் சாயாமல் செங்குத்தாக நிற்பதும் அதேபோல்தான். இவை எந்த மென்பொருளும் கற்றுத் தராதவை. கல்லூரி மாணவருக்கு ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துக் காட்டுவார். தானே கற்றவருக்கு அந்தச் சிவப்பு மை இல்லை என்பதுதான் உண்மையான குறை. யாராவது ஒரு வரைவாளரிடம் தன் படங்களைக் காட்டிக் குறை கேட்டால் அதை ஓரளவு சரிக்கட்டலாம்.

எத்தனை படம் அனுப்புவது? எட்டு முதல் பத்து போதும். இருப்பதில் மோசமான படமே அவரின் தரத்தை முடிவு செய்யும் என்பதால், சந்தேகமான படத்தை எடுத்துவிடுவதே மேல். ஒன்றிரண்டு படங்களுக்குப் பக்கத்தில் வண்ணம் பூசாத சாம்பல் நிற வடிவத்தையும் மூல வரைபடத்தையும் வைக்க வேண்டும். எந்தப் பொருளைத் தானே செய்தார், எதை விலைக்கு வாங்கினார், எத்தனை நாள் பிடித்தது என்பதையும் எழுத வேண்டும். நாற்காலியை வாங்கி வைத்தது குற்றமில்லை; அதைத் தானே செய்ததாகச் சொல்வதுதான் குற்றம்.

மென்பொருள் விஷயத்திலும் நேர்மை தேவை. 3டிஎஸ் மேக்ஸும் வி-ரேயும் இத்துறையில் பரவலாகப் புழங்குபவை. அவற்றைத் திருட்டுப் பிரதியில் கற்றவர்கள் பலர் என்பது ஊரறிந்த ரகசியம். ஆனால் அந்தப் பிரதியில் செய்த படத்தை விற்பது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தோடு மோதுவதாகும். மாணவர் உரிமத்தையும் வருமான வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது. 'பிளெண்டரில் செய்தேன், உங்கள் மென்பொருளைப் பழகிக்கொள்வேன்' என்று சொல்லும் விண்ணப்பதாரரைச் சின்ன நிறுவனங்கள் ஒதுக்கிவிடுவதில்லை.

பெரிய மேம்பாட்டு நிறுவனத்தின் கதவை முதலில் தட்டுவதை விட, உள் அலங்கார நிறுவனங்களையும் நான்கைந்து பேர் வேலை செய்யும் கட்டடக் கலைஞர் அலுவலகங்களையும் அணுகுவது பலன் தரும். அங்கே வரைவாளராகச் சேர்ந்து படவேலைக்கு மாறுவதும் நடக்கக்கூடியதே. பெர்கேசோவின் மைஃபியூச்சர்ஜோப்ஸ் தளத்திலும் தேடலாம். ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்பாமல், அந்த நிறுவனம் கட்டிய கட்டடம் ஒன்றின் பெயரைச் சொல்லி எழுதினால் அது தனியாகத் தெரியும்.

சான்றிதழ் இல்லாத குறை மனத்தை அரித்தால் அதற்கும் வழி உண்டு. மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை, அனுபவத்தில் கற்ற திறனை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் 'பிபிடி' முறையை நடத்துகிறது. வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. செய்த வேலைகளே சான்று. தன் வேலைக்கு நெருக்கமான தகுதித்தரம் எது என்று அத்துறையில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

2022க்குப் பிறகு இன்னொரு பயமும் சேர்ந்துவிட்டது. ஒரு வரி எழுதினால் செயற்கை நுண்ணறிவு அழகான வீட்டை வரைந்து தருகிறதே, இனி விஷுவலைசர் எதற்கு? பயம் முற்றிலும் வீண் என்று சொல்ல முடியாது. தொடக்க யோசனைப் படங்களை இப்போதே அது பங்கு போட்டுக்கொள்கிறது. ஆனால் அது வரையும் வீட்டில் மூன்று ஜன்னல் நான்காகும், தூண் இடம் மாறும். விற்பனைப் படம் வரைபடத்தோடு ஒத்துப்போக வேண்டும். வாங்குபவர் பின்னால் கேள்வி கேட்பார். சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டு முதல் மாதிரி வீடுகளே உண்மையான வீட்டைச் சரியாகக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. வெறும் அழகுப் படம் மட்டும் செய்பவருக்கு ஆபத்து அதிகம். வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குக் குறைவு.

நேர்முகத் தேர்வுக்கு அழைத்தால் ஒரு சோதனை வேலை கொடுப்பார்கள். ஓர் அறை, ஒரு கோணம், ஒன்றிரண்டு நாள். இது நியாயமானது. ஐந்து படம் கேட்டு, அதுவும் உண்மையான திட்டத்திற்குக் கேட்டால் அது சோதனை அல்ல, இலவச வேலை. கூலி எவ்வளவு என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

வேலை கிடைத்த மகிழ்ச்சியில் கையெழுத்திடுவதற்கு முன் நேரத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். விற்பனைத் தொடக்க விழாவுக்கு முந்திய வாரம் இத்துறையில் உறக்கம் இருக்காது. மாலை ஆறு மணிக்குத் தரை ஓட்டின் நிறம் மாறும், காலையில் புதுப் படம் வேண்டும் என்பார்கள். தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி முதல் வேலைவாய்ப்புச் சட்டப்படி வாரத்திற்கு 45 மணி நேரமே வேலை. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேற்போகாதவருக்கு, அதைத் தாண்டிய நேரத்திற்கு மிகைநேரச் சம்பளம் உண்டு. அது நியமனக் கடிதத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகு பேனாவை எடுக்கட்டும்.