சிகரெட் வரியும் ஒரு செனட்டரின் பாட்டும் (பிள்ளைகளின் வைத்தியச் செலவு யார் பொறுப்பு? – 9)

ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டுக்குத் தகுதி இல்லை, தனியார் காப்பீட்டுக்குக் காசு இல்லை என்று நடுவில் மாட்டிக்கொண்ட அமெரிக்கக் குழந்தைகளைப் பற்றிப் போன வாரமே பார்த்தாகிவிட்டது. தொண்ணூறுகளில் காப்பீடே இல்லாத பிள்ளைகள் சுமார் 1 கோடி என்பது நினைவிருந்தால் போதும். அரசே காப்பீடு கொடுத்தால் ஜனங்கள் தனியார் காப்பீட்டை விட்டுவிட்டு இங்கே வந்துவிட மாட்டார்களா என்ற வாதத்தை இந்த வாரம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ஓரின் ஹாட்சைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

ஹாட்ச் யூட்டா மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டராக இருந்தவர், புகையிலையை விலக்கிவைக்கும் மார்மன் மதத்தில் ஊறியவர். 1976இல் தேர்தலில் நின்றதே ஜனநாயகக் கட்சி செனட்டர் டெட் கென்னடி போன்றவர்களை எதிர்த்து நிற்கத்தான் என்று சொன்னவர். அதே கென்னடியோடு கைகோத்து 1997இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். சிகரெட் பாக்கெட்டுக்கு 43 சென்ட் கூடுதல் வரி. ஐந்து வருடத்தில் வரும் 3,000 கோடி டாலரில் 2,000 கோடி பிள்ளைகளின் காப்பீட்டுக்கு, மிச்சம் பட்ஜெட் பற்றாக்குறையைக் குறைக்க. கணவனும் மனைவியும் வேலைக்குப் போயும் பிள்ளைகளுக்குக் காப்பீடு எடுக்க முடியாத குடும்பங்களை அவர் தன் மாநிலத்திலேயே பார்த்திருந்தார்.

ஆனாலும் மசோதாவுக்கான பேச்சுவார்த்தையில் அவர் லேசில் இறங்கிவந்துவிடவில்லை. இந்த வாரம் முழுக்க என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இந்த இடம்தான். ஹாட்ச் பாட்டு எழுதியவர். பக்திப் பாட்டு, தேசபக்திப் பாட்டு என்று எழுதி ஆல்பங்களும் வெளியிட்டவர். கென்னடிக்கு இது தெரியும். அவருடைய உதவியாளர் நிக் லிட்டில்ஃபீல்ட், வக்கீல் ஆவதற்கு முன் பிராட்வே மேடையில் பாடியவர். பேச்சுவார்த்தைக்குப் போன இடத்தில் கென்னடி சொல்ல, லிட்டில்ஃபீல்ட் எழுந்து ஹாட்ச் எழுதிய தேசபக்திப் பாட்டையே அவர் முன்னால் பாடினார். தன் வரிகளைத் தேர்ந்த குரலில் கேட்கும்போது எந்தக் கவிஞனுக்குத்தான் மனசு இளகாது! வரி விகிதம், மாநிலப் பங்கு என்று மாதக்கணக்கில் இழுபட்ட விவகாரத்தில் இப்படியும் ஒரு மனிதரை நெருங்க ஒருவருக்குத் தோன்றியதே, அதற்காகவே கென்னடியை எனக்குப் பிடிக்கிறது.

சொந்தக் கட்சிக்காரர்கள் ஹாட்சைத் திட்டித் தீர்த்தார்கள். மே மாதம் செனட்டில் 55க்கு 45 என்று மசோதா தோற்றது. பட்ஜெட் உடன்பாடு கெட்டுவிடும் என்று கிளிண்டனின் வெள்ளை மாளிகையே அப்போது எதிர்த்தது. ஹாட்சும் கென்னடியும் விடவில்லை. ஆகஸ்ட் 5ஆம் தேதி கிளிண்டன் கையெழுத்திட்ட பட்ஜெட் சட்டத்துக்குள் பிள்ளைகளின் காப்பீட்டுத் திட்டம் வந்துவிட்டது, பத்து வருடத்துக்குச் சுமார் 4,000 கோடி டாலர் ஒதுக்கீட்டுடன். 43 சென்ட் மட்டும் 15 ஆகச் சுருங்கியது: 2000இல் பத்து, 2002இல் ஐந்து.

என் மனசு ஆறாத இடம் ஒன்று இதில் உண்டு. மெடிகெய்டில் தகுதி இருந்தால் இடமும் உண்டு. இந்தத் திட்டத்துக்கோ அளந்து வைத்த பணம். அது தீர்ந்தால் மாநிலம் கதவைச் சாத்திக்கொள்ளலாம். வட கரோலினா 2001இலேயே புதிய பிள்ளைகளைச் சேர்ப்பதை நிறுத்தியது. 2003இல் ஃபுளோரிடாவும் நிறுத்தியது. தகுதியுள்ள ஒரு குழந்தையைக் காத்திருப்போர் பட்டியலில் உட்காரவைக்கும் ஏற்பாட்டை எந்தக் கணக்குக் காட்டியும் என்னால் ஏற்க முடியாது.

தனியார் காப்பீட்டு வாதத்துக்கு இந்த வாரம் இவ்வளவுதான் இடம். இந்தத் திட்டத்தால் காப்பீடு பெறும் ஒவ்வொரு 100 குழந்தைக்கும், தனியார் காப்பீட்டில் 25 முதல் 50 குழந்தைகள் வரை குறைகிறார்கள் என்று 2007இல் நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டது. எதிர்த்தவர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். மீதி 50 முதல் 75 பிள்ளைகளின் பேச்சை ஏன் யாரும் எடுக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

அந்த வருடம் அக்டோபர் 3ஆம் தேதி, திட்டத்தை விரிவாக்கும் மசோதாவை ஜார்ஜ் புஷ் வீட்டோ செய்தார். ஹாட்ச் தன் கட்சி அதிபருக்கு எதிராகப் பிள்ளைகள் பக்கம் நின்றார். 2009இல் ஒபாமா கையெழுத்திட்ட விரிவாக்கத்தை அதே ஹாட்ச் எதிர்த்து ஓட்டுப் போட்டார். சட்டப்படி குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இருந்த ஐந்து வருடக் காத்திருப்பை மாநிலங்கள் நீக்க அனுமதித்ததுதான் பிணக்கு. இரண்டையும் அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)