டீசல் இல்லாவிட்டால் சாவு கூடுமா?

எரிபொருள் தட்டுப்பாடு வந்தால் இறப்பு விகிதம் ஏறும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். குறிப்பெடுக்க ஆரம்பித்ததும் குழப்பம் வந்துவிட்டது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. அந்த ஆண்டு அமெரிக்கச் சாலைகளில் சுமார் 54,000 பேர் இறந்திருந்தார்கள். 1974-ல் அது சுமார் 45,000. வண்டிகள் குறைவாக ஓடின, வேக வரம்பையும் மணிக்கு 55 மைலாகக் குறைத்தார்கள்.

கியூபா கதை இன்னும் விசித்திரம். சோவியத் ஒன்றியம் உடைந்து எண்ணெய் வரத்து சுருங்கியதும் ஜனங்கள் சைக்கிளுக்கு மாறினார்கள், அரைவயிறு சாப்பிட்டார்கள், சராசரியாக 4, 5 கிலோ மெலிந்தார்கள். 1997-க்குப் பிறகு சில ஆண்டுகள் நீரிழிவு, இதயநோய் சாவுகள் நன்றாகவே குறைந்தன. இதைக் காட்டி, தட்டுப்பாடும் நல்லதுக்குத்தான்னு சொல்றவங்க உண்டு. எனக்குச் சம்மதமில்லை. அதே நெருக்கடியில் 50,000 பேருக்கு மேல் நரம்புநோய் வந்தது, பலருக்குப் பார்வை மங்கியது. முதியவர்களின் இறப்பும் கூடியிருந்தது.

ஆக, மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். சாலையில் சாகாமல் தப்பியவர் யாரென்று யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. வண்டி கிடைக்காமல் செத்தவருக்கோ பெயரும் வீடும் உண்டு.

நம்ம கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 2022-ல் இதைப் பார்த்தோம். மார்ச்சில் எண்ணெய்க்கு வரிசையில் நின்ற முதியவர்கள் விழுந்து இறந்தார்கள். மே மாதம் பதுளை மாவட்டத்தில், மஞ்சள்காமாலை கண்ட இரண்டு நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக ஆட்டோவுக்குப் பெட்ரோல் தேடித் தகப்பன் அலைந்தார். ஆஸ்பத்திரி சேர்வதற்குள் நேரம் கடந்திருந்தது. ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும்தான் எண்ணெய் என்று அரசு அறிவித்தது.

கட்டுமாவடியில் ஆபத்தான கேஸ் என்றால் அறந்தாங்கி, அங்கேயும் முடியாவிட்டால் புதுக்கோட்டை, தஞ்சாவூர். நமக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருப்பது டீசல்தான். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தெருவே காசு போட்டு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத் தொட்டியில் தண்ணி ஏற்றினோம். பக்கத்து வீட்டு அத்தை இன்சுலினை மண்பானைத் தண்ணிக்குள் வைத்துக் காப்பாற்றினார். அதுக்கு ஒரு வழி இருந்தது. எங்க தெருவில் வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸுக்குப் போற சித்தப்பாவுக்கு, பஸ் நின்றால் மண்பானை உதவாது.