புறப்படுமுன் வழியை அறியுங்கள்

பிழைப்பைத் தேடி மும்பைக்கும் டெல்லிக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்களிலிருந்து அடுத்த தலைமுறை கடல் கடந்து செல்கிறது. விசேஷமாக, செவிலியர் பணிக்காகவும் கணினிப் பணிக்காகவும் பிரிட்டன் சென்றிருக்கும் பிள்ளைகள் அநேகர். இரவுப் பணிக்கும் அதிகாலைப் பணிக்கும் செல்கிறவர்களுக்குப் பல ஊர்களில் பேருந்து கிடைப்பதில்லை. ஆகவே சில மாதங்களிலேயே கார் அவசியமாகிவிடுகிறது. செல்லுபடியாகும் இந்திய ஓட்டுநர் உரிமம் இருந்தால், அங்கே குடியேறிய நாள்முதல் 12 மாதங்கள் அதைக்கொண்டே சாதாரணக் கார் ஓட்டலாம். அதன்பின் அந்நாட்டுத் தேர்வில் தேற வேண்டும்.

நம் நாட்டைப்போலவே அங்கும் வாகனங்கள் சாலையின் இடப்புறமே செல்கின்றன. எனவே ஓட்டுவதைக் காட்டிலும் வழியறிவதே புதியவருக்குக் கடினம். கைபேசி வழி சொல்லுமே என்று கேட்கலாம். சொல்லும், ஆனால் தவறான ஊரைக் கொடுத்தால் தவறான ஊருக்கும் வழி சொல்லும். மின்னேற்றம் தீர்ந்தாலோ, மலைப்பகுதியில் இணைப்பு அறுந்தாலோ மௌனமாகிவிடும். ஆகையால் சில காரியங்களைப் புறப்படுமுன்னரே அறிந்திருப்பது நலம்.

1. சேருமிடத்தை உறுதிசெய்யுங்கள்

நம்முடைய பின்கோடு ஒரு பெரிய பகுதிக்குரியது. பிரிட்டனின் அஞ்சல் குறியீடோ எழுத்துகளும் எண்களும் கலந்தது. சராசரியாக 15 முகவரிகளுக்கு ஒன்று. ஆகவே நகரத்தில் குறியீட்டை மட்டும் கொடுத்தாலே குறித்த தெருவுக்குச் சென்றுவிடலாம். நாட்டுப்புறத்தில் அப்படியல்ல. ஒரே குறியீட்டுக்குரிய பண்ணை வீடுகள் வெகுதூரம் சிதறியிருக்கும். அங்கே வீட்டின் எண்ணையோ பெயரையோ சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊர்ப்பெயரை மட்டும் நம்பலாகாது. நியூகாசில் என்ற பெயரில் வடகிழக்கே டைன் நதிக்கரையில் ஒரு பெருநகரம் உண்டு. ஸ்டாஃபோர்ட்ஷயரில் நியூகாசில் அண்டர் லைம் என்று மற்றோர் ஊரும் உண்டு. இரண்டுக்கும் இடையே சாலைவழி ஏறத்தாழ 300 கிலோமீட்டர். நேர்காணலுக்குச் செல்கிற பிள்ளை இவற்றில் ஒன்றை மற்றொன்றாக எண்ணினால் அந்த நாளே வீணாகும்.

2. சாலை எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

இங்கிலாந்தின் சாலை எண்களில் ஓர் ஒழுங்கு உண்டு. லண்டனிலிருந்து ஏ1 வடக்கே எடின்பரோவுக்கும், ஏ2 தென்கிழக்கே டோவருக்கும், ஏ3 தென்மேற்கே போர்ட்ஸ்மவுத்துக்கும், ஏ4 மேற்கே பிரிஸ்டல் பக்கமாகவும், ஏ5 வடமேற்கே வேல்ஸின் ஹோலிஹெட்டுக்கும் செல்கின்றன. இவற்றுக்கு இடைப்பட்ட சாலைகள் பெரும்பாலும் அந்தந்தப் பகுதியின் எண்ணில் தொடங்கும். லண்டனிலிருந்து வடகிழக்கே செல்லும் ஏ12 இதற்கு எடுத்துக்காட்டு. எம் என்ற எழுத்தில் தொடங்குபவை மோட்டார்வே எனப்படும் விரைவுச்சாலைகள்.

ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பர்மிங்ஹாம் செல்வதாக வைத்துக்கொள்வோம். எம்25 சாலையில் வடக்கு நோக்கிச் சென்று, 16ஆம் சந்திப்பில் எம்40க்கு மாறி, ஆக்ஸ்ஃபோர்டைக் கடந்து, அது முடியுமிடத்தில் எம்42இல் சேர வேண்டும். மூன்று எண்களும் இரண்டு ஊர்ப்பெயர்களுமே போதும். இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால், கைபேசி அணைந்தாலும் வழி கையிலிருக்கும். எம்25 லண்டனைச் சுற்றிவரும் 188 கிலோமீட்டர் வளையம். அதில் ஏறும்போது திசை மாறினால் சுற்று மிகப் பெரிது.

கைபேசி வரைபடத்தில் அந்தப் பகுதியை வீட்டிலிருக்கும்போதே இறக்கிச் சேமித்துவிடலாம். இணைப்பு இல்லாவிடினும் அது வழிகாட்டும். போக்குவரத்து நெரிசலை மட்டும் அறிவிக்காது. அச்சிட்ட சாலை வரைபடப் புத்தகம் ஒன்றும் காரில் இருக்கட்டும்.

3. பலகைகளின் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள்

அந்நாட்டு வழிகாட்டிப் பலகைகளை வடிவமைத்தவர்கள் ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வர்ட்டும். நீலப் பலகை மோட்டார்வேக்கும், பச்சைப் பலகை முதன்மைச் சாலைக்கும், வெள்ளைப் பலகை உள்ளூர்ச் சாலைக்கும், பழுப்புப் பலகை சுற்றுலா இடங்களுக்கும் உரியவை. ஒரு சாலையின் எண் அடைப்புக்குறிக்குள் இருந்தால், நீங்கள் இன்னும் அந்தச் சாலையில் இல்லை, இவ்வழி அதற்குக் கொண்டுசேர்க்கும் என்பது பொருள்.

தூரத்துக்கு அருகே காணும் சிறிய எம் என்ற எழுத்து மீட்டர் அன்று, மைல். ஒரு மைல் என்பது 1.6 கிலோமீட்டர். வேகப் பலகையில் 70 என்றிருந்தால் மணிக்கு ஏறத்தாழ 113 கிலோமீட்டர்.

கைபேசி ஒன்றும் பலகை வேறொன்றும் சொன்னால் பலகைக்கே கீழ்ப்படியுங்கள். சாலைப்பணிக்காக மூடிய வழியையும், தாழ்வான பாலத்தையும் அறிவிப்பது பலகையே.

4. கைபேசியைக் கையிலெடுக்காதீர்கள்

2022 மார்ச் 25 முதல் அங்கே சட்டம் கடுமையாகியிருக்கிறது. ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்து வரைபடம் பார்த்தாலும், சிவப்பு விளக்கில் நின்றபடி பார்த்தாலும் குற்றமே. தண்டனை 200 பவுண்டு அபராதமும் 6 தண்டப்புள்ளிகளும். முதல் உரிமம் பெற்று இரண்டு ஆண்டு நிறையாதவர் 6 புள்ளிகள் பெற்றால் உரிமமே ரத்தாகும். காரை நம்பி வேலைக்குச் செல்கிற பிள்ளைக்கு இதனால் வேலைக்கே ஆபத்து நேரிடலாம். ஆகவே பார்வையை மறைக்காத இடத்தில் தாங்கியைப் பொருத்தி, சேருமிடத்தைப் புறப்படுமுன்னரே பதித்துவிட வேண்டும்.

5. வழி தவறினால் பதறாதீர்கள்

மோட்டார்வேயில் இறங்கவேண்டிய சந்திப்பைத் தவறவிட்டால் நிற்கவோ பின்னோக்கி வரவோ கூடாது. அடுத்த சந்திப்பில் இறங்கித் திரும்பினால் சில நிமிடங்களே நஷ்டம். ரவுண்டானாவில் எந்த வழி என்று தெரியாவிட்டால் இன்னொரு முறை சுற்றி வாருங்கள். வண்டி பழுதானால், சாலையோரத்தில் 100 மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் குறிக்கம்பத்தின் எண்ணைச் சொன்னால் உதவிக்கு வருகிறவர்கள் இடத்தைக் கண்டுகொள்வார்கள். ஆபத்துக்கு 999 என்ற எண்ணை அழைக்கலாம்.

6. வீட்டிலிருக்கும் பெற்றோருக்கு

நமக்கும் ஒரு கடமை உண்டு. குளிர்காலத்தில் பிரிட்டன் நேரம் நம்முடையதற்கு ஐந்தரை மணி நேரம் பின்னாலும், கோடையில் நாலரை மணி நேரம் பின்னாலும் இருக்கிறது. நாம் இரவு உணவு முடித்து ஒன்பதரை மணிக்குப் பிள்ளையின் குரலைக் கேட்க விரும்பும்போது, அங்கே மாலை நான்கு அல்லது ஐந்து மணி. பணி முடிந்து அவர்கள் காரோட்டிச் செல்லும் வேளை அது. நம் அழைப்பு வரைபடத்தின்மேல் வந்து நிற்கும். அம்மா அழைக்கிறார்களே என்று மகளின் கண் சாலையைவிட்டு விலகும். ஆகையால் அவர்களுடைய பணி நேரத்தைக் கேட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். வீடு சேர்ந்ததும் அவர்களே அழைக்கட்டும். அதுவரை காத்திருப்பதும் நாம் அவர்களுக்குச் செய்யும் உதவியே.