பாவுக்கு முடிவு உண்டு

நெசவாளர் ஊரான சேவூரில் பட்டுத் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சமையலும் நெசவும் பிள்ளைகளின் படிப்பும் ஒரே கூரையின் கீழ்தான். அப்படியிருந்தும் நெசவுக்கு ஒரு கரை உண்டு. சேலை முடிந்தால் அறுத்தெடுக்க வேண்டும். பாவு தீர்ந்தால் புதுப் பாவைப் பிணைக்கும்வரை நாடா ஓடாது. கைப்பேசியில் ஓடும் ரீல்ஸுக்கு அப்படி ஒரு தீர்தல் இல்லை. இணையப் பக்கத்தின் அடிக்கு வந்தால் நின்று, அடுத்த பக்கத்துக்குப் போகலாமா என்று யோசிக்க ஒரு நொடி கிடைத்த காலம் இருந்தது. 2006-இல் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய முடிவற்ற உருட்டல் அந்த நொடியைப் பறித்துவிட்டது. பின்னாளில் அவரே அதற்காக வருந்தினார். ஆகவே, ஒரு ட்ரெய்லர் பார்க்க உட்கார்ந்தவர் ஒரு மணி நேரத்தை இழந்தால், அவருக்கு மனவுறுதி இல்லை என்று ஏசுவது நியாயமாகாது. கரையை எடுத்துவிட்ட ஒன்றுக்கு நாமேதான் கரை கட்ட வேண்டும். அதுவும் மனசுக்குள் அல்ல, நாலு பேர் அறிய.

இதற்கான சான்று தமிழ் சினிமாவிலேயே கிடைக்கிறது. 'விக்ரம்' பெரும் வெற்றி பெற்ற பிறகு, 2022 ஆகஸ்டில் அதன் இயக்குநர் லோகேஷ் கனகராஜ் சமூக வலைத்தளங்களிலிருந்து சிறிது காலம் விலகுவதாக அறிவித்தார். அடுத்த பட அறிவிப்போடு திரும்புவேன் என்றும் சொன்னார். 2023 டிசம்பரில் மறுபடியும் அதையே செய்தார். நடிகர் அஜித்குமாரின் வழி இன்னும் கடினமானது. 2011-இல் தன் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். சமூக வலைத்தளங்களில் தனக்குக் கணக்கு இல்லை என்று தெளிவுபடுத்தினார். ஆனாலும் 2021 பிப்ரவரியில் சேப்பாக்கம் டெஸ்ட் போட்டியில் இங்கிலாந்து வீரர் மொயீன் அலியிடமே சிலர் அஜித்தின் அடுத்த படத்துக்காக 'வலிமை அப்டேட்' கேட்டார்கள். பொறுமை காக்கும்படி அஜித் அறிக்கை விட நேர்ந்தது. தன்னைத் 'தல' என்று அழைக்க வேண்டாம் என அதே ஆண்டு டிசம்பரில் கேட்டுக்கொண்டார். 2024 டிசம்பரில் 'கடவுளே அஜித்தே' கோஷத்தை நிறுத்தச் சொன்னார். இப்படிப் போடும் எல்லையும் வரப்பைப் போலத்தான்: ஒருமுறை போட்டால் தீராது, மழைக்கு மழை அணைக்க வேண்டும். ரசிகருக்கும் அந்த வரப்பு வேண்டும். ஃபர்ஸ்ட் லுக், கிளிம்ப்ஸ், டீசர் என்று ஒரே படத்தைத் துண்டு துண்டாக வெளியிடும்போது, அந்தக் காத்திருப்பில் கரைவது ரசிகரின் நாள்தான்.

நடிகருக்கு மேலாளர் இருக்கிறார், வாட்ஸ்அப்பில் சேலை விற்கும் குடும்பம் போனை எங்கே மூடிவைப்பது என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஆர்டர் வரும் இடமும் பொழுது போகும் இடமும் ஒரே கண்ணாடிக்குள் இருப்பதுதான் சிக்கல். ஆகவே கோட்டைப் போனுக்குள்ளேயே போட வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸில் வேலை நேரத்தைக் குறித்துவைக்கலாம். அந்நேரம் கடந்து வரும் கேள்விக்குத் தானாகப் பதில் போகும்படியும் செய்யலாம். லோகேஷ் அறிவித்துச் செய்ததன் சிறு வடிவம் இது. இன்ஸ்டாகிராம் அறிவிப்புகளை அணைத்துவிட்டால் வியாபாரத்தின் நடுவே ரீல்ஸ் வந்து கூப்பிடாது. ஊரே பேசும் படத்தைப் பற்றித் தெரியாமல் பிள்ளைகள் ஒதுங்கிப்போவார்களே என்ற கவலையும் உண்டு. தூர்தர்ஷன் காலத்தில் 'ஒளியும் ஒலியும்' திரைப்பாடல் நிகழ்ச்சி முடிந்தால் அடுத்த வெள்ளிக்கிழமைதான். பாட்டுப் பேச்சு அதனால் குறைந்துவிடவில்லை, வாரம் முழுக்க நீண்டது.

அரசே தடை போட்டால் என்ன? ஆஸ்திரேலியா 16 வயதுக்கு உட்பட்டோருக்கான சமூக வலைத்தளத் தடையை 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. அதன் பலனைச் சொல்லக் காலம் வேண்டும். நம் அனுபவம் வேறு. 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செயலி மாறியது, விரல் மாறவில்லை. அதனால்தான் வீட்டு ஏற்பாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன்: இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லார் போனும் ஒரே மாடத்தில் சார்ஜுக்குப் போவது, அப்பாவுடையது முதலில்.