அருகில் உறங்குபவரே முதற்சாட்சி

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. குண்டனி நாட்டிலிருந்து அடிவாரம் சென்று திரும்பும் எவருக்கும் அவற்றைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளைவுகளில் ஓட்டுநரின் கண்கள் இரண்டு நொடி மூடினாலும் ஆபத்துதான். எனவேதான் இவ்விதழில் உறக்கக் கோளாறுகளைப் பற்றி எழுதுகின்றோம்.

“இரவெல்லாம் குறட்டைவிட்டு நன்றாகத்தான் தூங்குகிறார்; பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்ந்துவிடுகிறார்” என்று குடும்பத்தினர் கூறுவதுண்டு. உரத்த குறட்டை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமன்று. உறக்கத்தில் தமக்கு நேர்வதை உறங்குபவர் அறியமாட்டார். அருகில் படுத்திருப்பவரே அறிவார். ஆகவே இக்கட்டுரை நோயாளருக்கு மட்டுமன்றி, அவருடைய வீட்டாருக்கும் உரியது.

மூச்சுத்தடை

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அத்தளர்ச்சியால் மூச்சுப்பாதை அடைபட்டு, பத்து நொடிகளோ அதற்கு மேலோ மூச்சு நின்றுவிடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை விழிப்படைய, அவர் திணறி மூச்சு வாங்குகிறார். மூச்சு முழுவதும் நிற்பதோ பாதியாகக் குறைவதோ மணிக்கு 30 முறைக்கு மேல் நிகழுமாயின் அது கடுமையான நிலை. காலையில் இவற்றுள் எதுவும் அவர் நினைவில் இராது. தலைவலியும் வாய் வறட்சியும் பகல் நேரச் சோர்வுமே எஞ்சும். கவனியாது விட்டால் இரத்த அழுத்தம் உயரும், இதயமும் பாதிக்கப்படக்கூடும். பருத்த உடலினருக்கு இது மிகுதியெனினும், மெலிந்தவர்களுக்கும் வருவதுண்டு.

1980-ஆம் ஆண்டு வரை, கடுமையான நிலைக்குத் தொண்டையில் துளையிடுவதே முதன்மையான சிகிச்சையாக இருந்தது. 1981-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மருத்துவர் காலின் சல்லிவன் எளிய வழியொன்றைக் கண்டார். மூக்கின்மீது பொருத்திய முகமூடி வழியே இடைவிடாது காற்றழுத்தம் செலுத்தினால் தொண்டை மூடாமல் இருக்கும். சி.பி.ஏ.பி. எனப்படும் அக்கருவியே இன்றும் முதன்மைச் சிகிச்சை. அணியும் இரவுகளில் மட்டுமே அது பயன் தரும். மின்சாரத்தில் இயங்குவதால், மின்தடை நேரும் ஊர்களில் வசிப்போர் வாங்குமுன் பேட்டரி வசதி குறித்துக் கேட்டறிதல் வேண்டும். எடை குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், மதுவை விடுதல் ஆகியவையும் துணைபுரியும். மருத்துவர் எழுதித் தராத தூக்க மாத்திரையை இந்நோயர் உட்கொள்ளலாகாது. அது மூச்சுத்தடையை மோசமாக்கக்கூடும்.

குழந்தைகள் நாள்தோறும் குறட்டைவிட்டால் அதையும் பொருட்படுத்த வேண்டும். டான்சில், அடினாய்டு வீக்கமே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அவற்றை அகற்றினால் பெரும்பாலான குழந்தைகள் நலமடைகின்றனர்.

உறக்கமின்மை

இரவு எட்டு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு விழித்து, “தூக்கமே இல்லை” என்று வருந்துவோர் உளர். கணக்கிட்டால் ஏழு மணி நேரம் ஆகிறது. பலருக்கு அதுவே போதும். வாரத்தில் மூன்று இரவுகளேனும், மூன்று மாதங்களாக உறக்கம் வராமலோ கலைந்தோ போய், பகற்பணியும் கெடுமாயின் அதுவே நாட்பட்ட உறக்கமின்மை. இதற்கு முதற்சிகிச்சை மாத்திரையன்று. பழக்கத்தை மாற்றும் பயிற்சி. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுங்கள். உறக்கம் வந்த பின்னரே படுங்கள். இருபது நிமிடம் போல் ஆகியும் உறங்காவிடில் எழுந்து அமர்ந்து, கண் சொருகும்போது மீண்டும் படுங்கள். காபி விளையும் மலையில் இதைச் சொல்வது கடினமே. ஆயினும் நண்பகலுக்குப் பின் காபியைத் தவிருங்கள். தீராத கவலையோ மனச்சோர்வோ உடனிருந்தால் மறைக்காமல் கூறுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

கால்களும் ‘அமுக்குவானும்’

படுத்ததும் கால்களில் குடைச்சலும் ஊர்வது போன்ற உணர்வும் எழுந்து, அசைத்தால் மட்டுமே தணிவது அமைதியற்ற கால் நோய். இரும்புச்சத்துக் குறைவு இதற்கு முக்கியக் காரணம், கர்ப்பிணிகளிடமும் மிகுதி. இரத்தப் பரிசோதனை செய்து இரும்புச்சத்தை ஈடுசெய்தால் பலருக்குக் குணமாகிறது.

விழிப்பு வந்தும் கை கால் அசையாமல், மார்பில் யாரோ அமர்ந்து அழுத்துவது போலத் தோன்றுவதை ‘அமுக்குவான் பேய்’ என்பர். கனவு காணும் உறக்கத்தில் உடல் தானே செயலற்றிருக்கும். மூளை முன்னதாக விழித்துக்கொள்வதால் ஏற்படும் சில நொடி நிலையே அது. தீங்கற்றது. போதிய உறக்கமும் ஒழுங்கான நேரமும் அதைக் குறைக்கும்.

வீட்டார் செய்ய வேண்டியது

மூச்சு நிற்கிறதா, திணறுகிறாரா, கால்களை உதறுகிறாரா என்று சில இரவுகள் கவனியுங்கள். அவருடைய இசைவோடு, குறட்டை ஒலியைக் கைபேசியில் ஓரிரு நிமிடம் பதிவு செய்யுங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம் ஆகியவற்றை இரண்டு வாரம் குறித்து வாருங்கள். மருத்துவரிடம் வரும்போது நீங்களும் உடன் வாருங்கள். தேவையெனில் அவர் இரவு நேர உறக்க ஆய்வுக்குப் பரிந்துரைப்பார்.

லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல் மாவட்டத்தில், “நோய் என்று தெரிந்தால் வண்டி ஓட்டும் வேலை போய்விடுமோ” என்று ஓட்டுநர்கள் அஞ்சுவது எங்களுக்குப் புரிகிறது. முறையாகச் சிகிச்சை பெற்றுப் பகல் உறக்கம் நீங்கியவர்கள் மீண்டும் பாதுகாப்பாக வண்டி ஓட்ட இயலும். மறைப்பதுதான் வேலைக்கும் உயிருக்கும் ஆபத்து. அதுவரை, கண் சொருகினால் வண்டியை ஓரங்கட்டிச் சிறிது உறங்குங்கள். சன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் உறக்கத்தை வெல்லா.