‘மச்சி, இப்பவே கிளம்பலாமா?’ - திடீர் நைட் டிரிப்புக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு!

‘கோவா டிரிப் கன்ஃபார்ம்’ என்ற பெயரில் ஒரு வாட்ஸ்அப் குரூப் உங்க போன்லயும் தூங்கிட்டிருக்குமே? தேதி மாறி, லீவு கிடைக்காம, ஒருத்தன் கல்யாணம் முடிஞ்சு, ரெண்டு பேர் குரூப்பை விட்டே வெளியேறி... கோவா அப்படியே இருக்கு, நாமதான் இன்னும் போகல. ஆனா, வெள்ளிக்கிழமை ராத்திரி டீக்கடையில நிக்கும்போது ஒருத்தன் ‘இப்பவே கிளம்பலாமா?’னு கேட்பான். அடுத்த அரை மணி நேரத்துல கார் ஹைவேயில இருக்கும்.

திட்டம்போட்ட டிரிப் ஏன் நடக்கல, திடீர் டிரிப் ஏன் நடக்குது? காரணம் ரொம்ப சிம்பிள். திட்டமிட்ட பயணத்துக்கு ஆறு பேரோட சம்மதம் ஆறு வாரத்துக்கு மாறாம இருக்கணும். திடீர் பயணத்துக்கு அது அரை மணி நேரம் இருந்தாலே போதும். யோசிச்சுப் பின்வாங்க நேரமே இருக்காது.

அதுதான் இந்த டிரிப்போட அழகு. சிக்கலும் அதுதான். யோசிக்க நேரமில்லாததால, யோசிக்க வேண்டிய ஒரு முக்கியமான விஷயமும் விட்டுப்போகும். பெட்ரோல், பணம், போற இடமெல்லாம் அப்புறம். முதல் கேள்வி, ‘வண்டி ஓட்டப்போறவன் காலையில எத்தனை மணிக்கு எழுந்தான்?’

17 மணி நேரக் கணக்கு

பெங்களூரில் வேலை பார்க்கும் நான்கு நண்பர்கள் ஹம்பிக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். தூரம் சுமார் 340 கிலோமீட்டர். துமகூரு, சித்ரதுர்கா வழியாக ஹொசபேட்டே போய், அங்கிருந்து ஹம்பி. டீ, டாய்லெட், டோல் எல்லாம் சேர்த்து சராசரியாக மணிக்கு 55-60 கிலோமீட்டர்தான் கைகூடும். ஆக, 6 மணி நேரம். ராத்திரி 11 மணிக்குக் கிளம்பினால் காலை 5 மணிக்குப் போய்ச் சேர்ந்து, மாதங்க மலையில் ஏறி சூரிய உதயம் பார்க்கலாம். கேட்கவே சூப்பரா இருக்குல்ல?

இப்போ டிரைவர் சீட்டில் இருப்பவர் பக்கம் வாங்க. அவர் காலை 7 மணிக்கு எழுந்து, ஆபீஸ் போய், மீட்டிங் முடித்து, டிராஃபிக்கில் நசுங்கி வந்தவர். ராத்திரி 12 மணிக்கு அவர் தூங்காமல் 17 மணி நேரம் ஆகியிருக்கும். ஹம்பியைத் தொடும்போது 22 மணி நேரம்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் அனிச்சை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவிகித ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று தூக்கம் குறித்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்தியாவில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்படும் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். அதாவது 0.03 சதவிகிதம். ஒரு சொட்டு குடிக்காமலேயே, அந்த வரம்பைத் தாண்டியவர் மாதிரிதான் உங்க நண்பர் ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கார். ‘குடிச்சவன் வண்டியில ஏற மாட்டேன்’னு உறுதியா இருக்கிற நாம, தூங்காதவன் வண்டியில மட்டும் பாட்டுப் போட்டுக்கிட்டு ஏறிடுறோம்.

அந்த ரெண்டு மணி... அஞ்சு மணி!

நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதன் கணக்குப்படி அதிகாலை 2 மணியில் இருந்து 6 மணி வரை உடல் வெப்பநிலை குறைந்து, தூக்க உந்துதல் உச்சத்தில் இருக்கும். ‘எனக்கெல்லாம் பழக்கம் மச்சி, விடிய விடிய கேம் ஆடுறவன்’ என்பவருக்கும் இதே கதைதான். கேம் ஆடும்போது ஸ்கிரீன் மாறிக்கொண்டே இருக்கும். நள்ளிரவு ஹைவேயில் கண்ணுக்கு முன்னால் ஒரே கறுப்பு ரோடு, ஒரே வெள்ளைக் கோடு, ஒரே இரைச்சல். மூளைக்கு அது தாலாட்டு.

இந்த நேரத்தில் வருவதுதான் ‘மைக்ரோ ஸ்லீப்’. சில நொடிகள் மட்டும் மூளை அணைந்து எரியும் குட்டித் தூக்கம். கண் திறந்திருந்தாலும் நடக்கும். தூங்கினவருக்கே அது தெரியாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடும். நான்கு நொடி என்றால் 110 மீட்டருக்கு மேல். யாருமே ஓட்டாத ஒரு காரில் அவ்வளவு தூரம் நீங்க பயணம் செஞ்சிருப்பீங்க.

முழிச்சிருந்தாலும் இரவில் இன்னொரு பிரச்னை உண்டு. ஹைவே ஓரத்தில் டெயில் லைட் இல்லாமல் நிற்கும் லாரி. 100 கிலோமீட்டர் வேகத்தில், கண் பார்த்து, கால் பிரேக்கை மிதித்து, வண்டி நிற்க 90 மீட்டருக்கு மேல் தேவைப்படும். ‘டிம்’ வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிவது அதில் ஏறக்குறைய பாதி தூரம்தான். அதனால் ராத்திரியில் போர்டில் இருக்கும் ஸ்பீடு லிமிட்டே அதிகம். 70, 80-ல் போனால் போதும். ஹம்பி 500 வருஷமா அங்கேயேதான் இருக்கு, எங்கேயும் ஓடிடாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இறப்பவர்களில் பெரும் பங்கு 18 முதல் 45 வயதுக்காரர்கள். இதைப் படிச்சுக்கிட்டிருக்கிற உங்க வயசுதான்.

காபி, ஏசி, பாட்டு... எது வேலை செய்யும்?

ஜன்னலைத் திறந்துவிடுவது, முகம் கழுவுவது, பாட்டு சவுண்டை ஏற்றுவது... இதெல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். தூக்கத்தைத் தள்ளிப்போடுமே தவிர, போக்காது.

காபி உதவும். ஆனால், குடித்ததும் அல்ல. காஃபின் வேலை செய்ய ஏறக்குறைய 20-30 நிமிடங்கள் ஆகும். அதனால்தான் ஒரு நல்ல டெக்னிக் உண்டு. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்துங்க. ஒரு காபி குடிங்க. உடனே 20 நிமிடத்துக்கு அலாரம் வெச்சு சீட்டைச் சாய்ச்சுத் தூங்குங்க. எழும்போது குட்டித் தூக்கமும் காஃபினும் ஒரே நேரத்தில் கைகொடுக்கும். எழுந்ததும் உடனே சாவியைத் திருகாமல், பத்து நிமிடம் நடந்துட்டு வண்டியை எடுங்க.

இதுவும் தற்காலிகம்தான். தூக்கத்துக்கு நிஜமான மாற்று, தூக்கம் மட்டும்தான். அதனால் டிரிப்பைக் கேன்சல் பண்ணணும்னு சொல்லல. நேரத்தைக் கொஞ்சம் நகர்த்தினாலே போதும்.

* பிளான் ஏ: ராத்திரி 9 மணிக்கே எல்லாரும் ஒரே ரூமில் படுத்துட்டு, அதிகாலை 4 மணிக்குக் கிளம்புங்க. ஏழரை மணிவாக்கில் சித்ரதுர்கா பக்கம் சுடச்சுட பென்னே தோசை. 10 மணிக்கு ஹம்பி. சூரிய உதயத்தை அடுத்த நாள் மலை மேல நிதானமாப் பார்க்கலாம்.

* பிளான் பி: ராத்திரிதான் போகணும்னா, லைசென்ஸ் இருக்கும், நல்லா ஓட்டத் தெரிந்த இரண்டு பேராவது வேணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறணும். அதிகாலை ஷிஃப்ட்டை ஓட்டப்போறவர் சாயங்காலமே ஒன்றரை மணி நேரமாவது தூங்கியிருக்கணும்.

* பிளான் சி: ஓட்டத் தெரிந்தவர் ஒருத்தர்தான், அவரும் காலையிலிருந்து ஓடிக்கிட்டிருக்கார்னா, ஸ்லீப்பர் பஸ்ஸோ ரயிலோ பாருங்க. பெங்களூரிலிருந்து ஹொசபேட்டேவுக்கு இரவு ரயிலே இருக்கு. ஹம்பி அங்கிருந்து ஆட்டோ தூரம்தான்.

‘கோ-பைலட்’ தூங்கக் கூடாது

பின் சீட்டில் குறட்டை கேட்கலாம். முன் சீட்டில் கேட்கக் கூடாது. டிரைவர் பக்கத்தில் உட்காருபவருக்கு மேப், டோல், பேச்சு தவிர இன்னொரு முக்கியமான டியூட்டி உண்டு. டிரைவர் அடிக்கடி கண் சிமிட்டுகிறாரா, கொட்டாவி விடுகிறாரா, லேன் மாறி மாறிப் போகிறாரா, கேட்ட கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொல்கிறாரா என்று கவனிப்பது. இதில் ரெண்டு தெரிந்தாலே வண்டி ஓரம் கட்டணும்.

இங்கேதான் நண்பர்களுக்குள் ஒரு சிக்கல் வரும். ‘எனக்குத் தூக்கம் வருது’னு சொன்னா, ‘என்னடா, அதுக்குள்ளவா?’னு ஓட்டுவாங்கன்னு டிரைவர் வாயே திறக்க மாட்டார். அவர் கோவிச்சுக்குவாரேன்னு மத்தவங்களும் கேட்க மாட்டாங்க. காருக்குள்ள நாலு பேருக்கும் பயம் இருக்கும், யாரும் சொல்ல மாட்டாங்க. அதனால் கிளம்பும்போதே ஒரு விதி போட்டுடுங்க. யார் ‘நிறுத்து’ன்னு சொன்னாலும், காரணம் கேட்காம அடுத்த பாதுகாப்பான இடத்தில் வண்டி நிக்கணும். கிண்டல் கிடையாது. பெல்ட் விதியும் அப்படித்தான். பின் சீட்டுக்கும் சேர்த்து.

ராத்திரி மூடும் ரோடுகள்

மேப்பில் நீலக்கோடு காட்டினால் ரோடு திறந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. பந்திப்பூர் புலிகள் காப்பகம் வழியாகப் போகும் நெடுஞ்சாலைகளில் 2009-லிருந்து இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொது வாகனங்களுக்குத் தடை. பெங்களூரிலிருந்து குண்டலுபேட்டே வழியாக ஊட்டிக்கோ வயநாட்டுக்கோ ‘திடீர்’னு கிளம்புபவர்கள் செக்போஸ்ட்டில் மாட்டிக்கொள்வது இதனால்தான். சத்தியமங்கலம் காட்டில் 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையிலும் 2022-லிருந்து இரவுத் தடை இருக்கிறது. ராத்திரியில் அது யானை, சிறுத்தைகளோட ரோடு. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸும் வேணும். கிளம்பும் முன் ஆன்லைனில் எடுத்துடுங்க.

அரை மணி நேர செக்லிஸ்ட்

* டயர்: கிளம்பும் முன், டயர் சூடாகும் முன்பே காற்று செக் பண்ணுங்க. ஸ்டெப்னியில் காற்று இருக்கா, ஜாக்கி இருக்கான்னு பாருங்க.

* கண்ணாடி, விளக்கு: முன் கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைங்க. எதிர்வெளிச்சம் கூசுவதற்குப் பாதிக் காரணம் அழுக்குக் கண்ணாடிதான். ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் எரியணும்.

* பேப்பர்ஸ்: லைசென்ஸ், ஆர்.சி, இன்ஷூரன்ஸ் ஆகியவற்றை டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் ஆப்பில் காட்டினாலே செல்லும். சிக்னல் இல்லாத இடத்தில் ஆப் திறக்காது என்பதால் ஒரிஜினலும் கையில் இருக்கட்டும்.

* ஃபாஸ்டேக்: பேலன்ஸ் பாருங்க. ஃபாஸ்டேக் வேலை செய்யாமல் டோலில் பணமாகக் கொடுத்தால் இரண்டு மடங்கு கட்டணம்.

* வாடகை கார்: முறையான செல்ஃப் டிரைவ் கார் என்றால் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். தெரிஞ்சவரோட வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுத்து விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் கிடைப்பதே சிக்கலாகிவிடும்.

* பணம்: பெங்களூரு - ஹம்பி போய்வர, உள்ளூர் சுற்றலும் சேர்த்து 730 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் மைலேஜ், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் பெட்ரோல் மட்டும் 4,900 ரூபாய்க்குள். நாலு பேர் என்றால் தலைக்கு 1,225. டோலும் சாப்பாடும் தனி. கிளம்பும்போதே எல்லாரும் ஒருத்தரிடம் ஒரு தொகையைப் போட்டுட்டா, திங்கட்கிழமை நட்பு தப்பிக்கும்.

* வீட்டுக்கு ஒரு மெசேஜ்: போற இடம், கார் நம்பர், கூட வர்றவங்க பெயர், லைவ் லொகேஷன். ‘பிரெண்ட் ரூம்ல இருக்கேன்’னு பொய் சொல்லிட்டுப் போனா, ஏதாவது ஆச்சுன்னா உங்களை எங்கே தேடுறதுன்னுகூட வீட்டுக்குத் தெரியாது.

நம்பர்களை சேவ் பண்ணிக்கோங்க

தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனாலும் விபத்து என்றாலும் 1033. எந்த அவசரத்துக்கும் 112. தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திராவில் ஆம்புலன்ஸுக்கு 108. பிரேக்டவுன் ஆனால் வண்டிக்குள்ளேயோ பின்னாலேயோ நிற்காதீங்க. ஹஸார்டு லைட்டைப் போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வைத்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க.

வழியில் வேறு யாராவது அடிபட்டுக் கிடந்தாலும் தயங்காமல் உதவலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, உதவி செய்பவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயரைச் சொல்லச் சொல்லிக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

திரும்பி வர்றதுக்கும் ஒரு பிளான்

போகும்போது எல்லாருக்கும் ஒரு ஜோஷ் இருக்கும். திரும்பும்போது அது இருக்காது. ஐம்பது ரூபாய் நோட்டில் இருக்கும் கல் தேர், விருபாட்சர் கோயில், துங்கபத்திரையில் பரிசல்னு ரெண்டு நாள் வெயிலில் சுத்தி, சரியாத் தூங்காம, ‘திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு லாகின் பண்ணணும்’னு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வண்டியை எடுக்கும்போது, கிளம்பின நாளைவிட எல்லாருமே களைச்சிருப்பாங்க. ஹைவேயில் வேகமும் அப்போதான் கூடும்.

அதனால், கிளம்பும் நேரத்தை விட்டாலும் திரும்பும் நேரத்தை மட்டும் முன்னாடியே முடிவு பண்ணுங்க. ஞாயிறு காலை 11 மணிக்குக் கிளம்பினா, வழியில சாப்பிட்டு, சாயங்காலம் 6 மணிக்குள்ள வீடு. முடியலன்னா திங்கட்கிழமை ஒரு அரை நாள் லீவுக்கு இப்பவே மெயில் போட்டுடுங்க. அந்த மெயிலை எழுத ரெண்டு நிமிஷம் போதும். அதை அனுப்பிட்டு, ஓட்டப்போறவன் நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினான்னு கேட்டுட்டு, பெல்ட்டைப் போடுங்க. ஹேப்பி டிரிப்!