முத்துச் சிப்பியும் முட்டைக் கோழியும்

தூத்துக்குடி என்றதும் உங்களுக்கு முத்து ஞாபகம் வரும். உப்பு ஞாபகம் வரும். நாக்கில் கரையும் மக்ரூன் ஞாபகம் வரும். கோழி ஞாபகம் வராது! ஆனால் கொல்லைப்புறத்திலோ மொட்டை மாடியிலோ பத்துக் கோழி வைத்து, முட்டை விற்ற காசில் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவைச் சமாளிக்கிற பெண்கள் எங்கள் ஊரில் உண்டு. நானும் அவர்களில் ஒருத்திதான், சகோதரிகளே.

ஒரு வேடிக்கை பாருங்கள். முத்து, முத்துச் சிப்பி, கோழி முட்டையின் ஓடு மூன்றுமே பெரும்பாலும் சுண்ணாம்புச் சரக்குத்தான். எங்கள் கடலில் முத்துக் குளிப்பு 1961-உடன் நின்று போயிற்று. கோழியோ, தான் இடும் ஒவ்வொரு முட்டைக்கும் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்தைத் தன் உடம்பிலிருந்து கொடுத்துக்கொண்டேயிருக்கிறது. அந்தச் சத்து தீனியிலிருந்து ரத்தத்தில் சேரவேண்டிய இடம் குடல். குடல் சரியில்லை என்றால் என்ன கொட்டினாலும் வீண்!

எச்சம் சொல்லும் சேதி

கோழிக்குப் பல் கிடையாது. விழுங்கியது தீனிப்பையில் ஊறி, அரைவைப் பையில் சிறு கற்களோடு சேர்ந்து அரைபட்டு, பிறகுதான் குடலுக்குப் போகிறது. வெளியே மேய்கிற கோழி கல்லைத் தானே பொறுக்கிக்கொள்ளும். மாடியில் அடைத்து வளர்த்தால், கொஞ்சம் பொடிக்கல்லை நாம்தான் வைக்க வேண்டும்.

காலையில் கூட்டைத் திறந்ததும் எச்சத்தைப் பாருங்கள். அருவருப்புப் படாதீர்கள்! கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்தாற்போல் இருந்தால் நல்ல குடல். நடுநடுவே பழுப்பாய், கூழாய், நாற்றத்தோடு ஒன்றிரண்டு கிடந்தால் பயம் வேண்டாம்; குடலின் கடைசியில் இருக்கும் இரண்டு பைகள் காலியாவது அப்படித்தான். எல்லாமே தண்ணீராகப் போனால்தான் கவனிக்க வேண்டும்.

உப்பு செய்த வேலை

பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் வந்து, "மைனி, கோழியெல்லாம் தண்ணி தண்ணியா கழியுது. போடுறதும் தோல்முட்டையாப் போடுது. கிளிஞ்சலும் வச்சாச்சு, டானிக்கும் கொடுத்தாச்சு. எதுவும் கேக்கலியே" என்றாள். என்ன தீனி போடுகிறாய் என்று கேட்டேன். உப்புக் கருவாட்டுத் தலையும் வாலும் தினமும். குடிக்க? "போர் தண்ணிதான்."

அங்கேதான் விஷயம்! கோழித் தீனியில் மொத்த உப்பு நூற்றுக்கு அரைப் பங்கைத் தாண்டக் கூடாது. உப்புக் கருவாட்டில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்குகூட உப்பு இருக்கும். உப்பு ஏறினால் தாகம் எடுக்கும். குடித்த தண்ணீரெல்லாம் எச்சத்தில் போகும். கூட்டுத் தரை ஈரமாகி நோய்க்கிருமிகள் பெருகும். உவர்த் தண்ணீரோ முட்டை ஓட்டையும் மெலிய வைத்துவிடும். பிறகு கிளிஞ்சலை அள்ளிப் போட்டாலும் முழுப் பலன் கிடைக்காது. கருவாட்டை நிறுத்தி, குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீரைக் கொடுக்கச் சொன்னேன். சில நாளில் எச்சம் கெட்டிப்பட்டது. ஓடு தேற இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று.

மீனே ஆகாது என்பதில்லை. உப்புப் போடாமல் காயவைத்த பொடிமீன் நல்ல புரதம். அளவு மிஞ்சினால் முட்டையில் மீன் வாடை அடிக்கும், அவ்வளவுதான்.

10 கிலோ கலவை

உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 5 கிலோ, கடலைப் புண்ணாக்கு 2 கிலோ, புதுத் தவிடு ஒன்றரைக் கிலோ, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் அரைக் கிலோ, கிளிஞ்சல் குருணை 800 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம். அடைத்து வளர்க்கும் முட்டைக்கோழி ஒன்றுக்கு நாளுக்கு 100 முதல் 110 கிராம் போதும். மேய்கிற நாட்டுக்கோழிக்கு அதில் பாதி. கம்பு மட்டும் போட்டால் மஞ்சள் கரு வெளுத்திருக்கும். முருங்கைக்கீரை கொஞ்சம் சேர்த்தால் நிறம் வந்துவிடும். குஞ்சுகளுக்கு இந்தக் கலவை ஆகாது. அவ்வளவு சுண்ணாம்பு அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கிளிஞ்சலை மாவாக்காதீர்கள், குருணையாகவே இருக்கட்டும். ஓடு உருவாக 20 மணி நேரம் ஆகிறது. பெரும்பகுதி வேலை ராத்திரியில்தான். மாலையில் தின்ற குருணை அரைவைப் பையில் தங்கி, இரவெல்லாம் மெதுவாகக் கரைந்து கொடுக்கும்.

புண்ணாக்கில் பூஞ்சணம் கண்டால் கோழிக்குப் போடவே போடாதீர்கள். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்துப் போனதற்குப் பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்குதான் காரணம். எங்கள் ஊர்க் கடல் காற்றின் ஈரத்தில் சாக்கைத் தரையில் வைத்தால் பத்தே நாளில் கட்டி தட்டிவிடும். பலகை மேல் வைத்து, பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

மோரும் மருந்துப் பொடியும்

தயிர், மோரில் இருக்கும் லாக்டோபாசில்லஸ் வகை நல்ல கிருமிகள் கோழிக் குடலிலும் இயல்பாகவே உண்டு. கெட்ட கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் காப்பவை அவைதான். புரோபயாடிக் என்று கடையில் விற்கும் பொடியின் தத்துவமும் இதுவே. நான் வாரம் இரண்டு நாள் உப்பில்லாத மோரில் தவிட்டைப் பிசைந்து கொஞ்சமாக வைக்கிறேன். பூண்டும் மஞ்சளும் சேர்ப்பதுண்டு. ஆனால் இவை வெள்ளைக்கழிச்சலைத் தடுக்கும் என்று நம்பி ஏமாறாதீர்கள். அதற்குத் தடுப்பூசி ஒன்றே வழி. கழிச்சலோடு கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு சோர்ந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

"இந்தப் பொடியைப் போட்டா முட்டை கூடும்" என்று யாராவது பெயர் தெரியாத மருந்தை நீட்டினால் வாங்காதீர்கள். வளர்ச்சிக்காகத் தீனியில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய நாடுகள் 2006-இல் தடை செய்தன. கொலிஸ்டின் மருந்தைக் கால்நடை, கோழிகளுக்குக் கொடுப்பதை நம் அரசாங்கமும் 2019-இல் தடை செய்தது. இப்படி வீணில் கொடுத்துப் பழக்கினால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும். நாளைக்கு நம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அதே மருந்து கேட்க வேண்டுமே!

ஆகவே, ஓடு மெலிந்தாலோ எச்சம் இளகினாலோ டானிக்குக்குப் பணம் எடுக்கும் முன், கோழி குடிக்கிற தண்ணீரை நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். கரித்தால், முதலில் மாற்ற வேண்டியது அந்தத் தண்ணீரைத்தான்.